சிமோன்கள் பிறந்த காலம்

பிரான்சின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் படிப்பவர் கண்ணில் ஒரு பெண்பெயர் மீண்டும் மீண்டும் படும். பெண் எப்படி இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டாள் என்பதை இரண்டு பெரிய தொகுதிகளில் ஆராய்ந்தவர் சிமோன் தெ பொவ்வார். ஆலைத் தொழிலாளியின் களைப்பைத் தன் உடம்பிலேயே வாங்கிப் பார்த்த தத்துவ ஆசிரியை சிமோன் வெய்ல். ஆவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பி, அமைச்சராகி, கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியவர் சிமோன் வேய். திரையில் முதுமையை மறைக்காமல் நடித்த ஆஸ்கர் நடிகை சிமோன் சிஞோரே. பதினெட்டு வயதில் துப்பாக்கி ஏந்திய விவசாயி மகள் சிமோன் செக்வேன். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாஜிகளுக்கு எதிராக உளவுவலை நடத்திய சிமோன் மிஷேல்-லெவி. இந்த ஆறு பேரும் 1906க்கும் 1927க்கும் இடையில் பிறந்தவர்கள். பெயர் ராசி என்று சொல்லி இதைக் கடந்துபோவது சுலபம். இந்தப் பெயரின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாதாரண வீடுகளில் வைக்கப்பட்ட ஒரு சாதாரணப் பெயர் ஒரே தலைமுறையில் இவ்வளவு கனம் பெற்றதற்குக் காரணம் அந்தத் தலைமுறைக்குத் திறந்த கதவுகள்தான். திறமை எப்போதும் இருந்தது, வழி அப்போதுதான் கிடைத்தது என்பதே என் வாதம்.

முதலில் பெயரின் வேர். சிமோன் என்பது சைமன் என்ற ஆண்பெயரின் பிரெஞ்சுப் பெண்வடிவம். தமிழ் விவிலியத்தில் சீமோன் என்று வருவது இதே பெயர்தான். பேதுருவுக்கு இயேசு புதுப்பெயர் சூட்டுவதற்கு முன் இருந்த பெயர் அது. அதற்கும் பின்னால் எபிரேயப் பெயரான ஷிமோன் இருக்கிறது. யாக்கோபின் மனைவி லேயாள், தான் விரும்பப்படாதவள் என்பதைக் கடவுள் கேட்டார் என்று சொல்லித் தன் இரண்டாவது மகனுக்கு இந்தப் பெயரை வைத்ததாக ஆதியாகமம் சொல்கிறது. கேட்டல் என்ற வினைதான் அதன் வேர். இன்னொரு பக்கம், கிரேக்கர்களிடம் ஏற்கெனவே சீமோன் என்றொரு பெயர் இருந்தது. அது சப்பை மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கிரேக்கம் பேசும் நகரங்களில் யூதர்கள் வாழ்ந்தபோது, ஒலி ஒத்திருந்த இந்த இரண்டு பெயர்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆக, ஒரு வேரில் ஒரு பெண்ணின் துயரம் இருக்கிறது. இன்னொரு வேரில் ஒருவரின் முகச்சாயல் இருக்கிறது. இவற்றைக் கொண்டு பொவ்வாரின் நூலையோ வேயின் சட்டத்தையோ விளக்க முடியாது. அதற்கு, இந்தப் பெயரை யார் வைத்தார்கள், எந்தக் காலத்தில் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பிரான்சில் குழந்தைக்கு விரும்பிய பெயரை எல்லாம் வைத்துவிட முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், 1803இல் வந்த சட்டப்படி, புனிதர்களின் நாள்காட்டியில் உள்ள பெயர்களையும் பண்டைய வரலாற்று மாந்தரின் பெயர்களையும் மட்டுமே பதிவு அலுவலர் ஏற்கலாம். அந்தக் கட்டு முழுமையாகத் தளர்ந்தது 1993இல்தான். இப்படிக் குறுகலான பட்டியலுக்குள் ஒரு பெயர் மேலே வருவதும் இன்னொன்று கீழே போவதும் காலத்தின் ரசனையைக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏறத் தொடங்கிய சிமோன், 1910களிலும் 1920களிலும் பிரெஞ்சுப் பெண்குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர்களில் ஒன்றாகியது. ஆண்பெயரோடு ஒரு விகுதி சேர்த்துப் பெண்பெயராக்குவது அன்றைய வழக்கம். மர்செல், இவோன், தெனிஸ் போன்ற பெயர்களும் அப்படித்தான் பெருகின. ஆனால் சிமோனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அப்போஸ்தலரின் பெயர் என்பதால் கத்தோலிக்க வீடுகள் தயங்காமல் வைத்தன. எபிரேயப் பெயரின் வழிவந்தது என்பதால் யூத வீடுகளுக்கும் அது அந்நியமாக இல்லை. பொவ்வாரின் தாய் தீவிரமான கத்தோலிக்கர். வெய்லின் பெற்றோரும் வேயின் பெற்றோரும் மதச்சடங்குகளைக் கைவிட்டு, பிரெஞ்சுக் குடியரசின் மீது பற்று வைத்த யூதர்கள். சிஞோரேயின் தந்தை யூத வம்சத்தவர், தாய் கத்தோலிக்கர். நான்கு வீடுகளும் ஒரே பெயரில் வந்து சந்தித்தன. பெயரைக் கேட்டு மதத்தைச் சொல்ல முடியாத ஒரு பெயராக அது இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒரு பெயர் மிகப் பரவலாக இருந்தால், அந்தப் பெயரில் சில புகழ்பெற்றவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இந்தக் கணக்கு சரிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு மட்டும் போதும் என்றால், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் சிமோனைவிடப் பல மடங்கு பரவியிருந்த மரி, ஜான் போன்ற பெண்பெயர்களில் தத்துவ அறிஞர்களும் நீதித்துறை அதிகாரிகளும் அமைச்சர்களும் கூட்டம் கூட்டமாக இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் பெரும்பாலும் அரசிகள், துறவியர், புனிதர்கள், அல்லது புகழ்பெற்ற ஒருவரின் மனைவி. பழைய சிமோன் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிமோன் எவ்ரார் என்ற பெண் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஒரு பத்திரிகை நடக்க உதவினார். தேடப்பட்ட அதன் ஆசிரியரை வீட்டில் மறைத்து வைத்துக் காத்தார். அந்த ஆசிரியர் மரா. எவ்ராரை இன்றுவரை உலகம் மராவின் துணைவியாகவே அறிகிறது. அவருக்குத் துணிச்சல் குறைவில்லை, அரசியல் அறிவும் குறைவில்லை. தன் பெயரில் நிற்பதற்கு ஓர் இடம் அன்று இல்லை. எண்ணிக்கை என்பது விதை எவ்வளவு என்று மட்டும் சொல்லும். விளைச்சலுக்கு நிலமும் நீரும் வேண்டும்.

அந்த நிலம் எப்படிப் பண்பட்டது? 1880இல் கமீ சே என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் பெண்களுக்கு அரசு மேல்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. ஆனால் அங்கே லத்தீன் கற்பிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வாசலான பக்கலோரேயா தேர்வுக்கு அந்தப் பள்ளி மாணவிகளைத் தயார் செய்யவில்லை. படித்த மனைவிகளை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது. 1924இல்தான் ஆண்களுக்கான அதே பாடத்திட்டம், அதே தேர்வு என்ற வழி அரசுப் பள்ளிகளில் பெண்களுக்குக் கிடைத்தது. திருமணமான பெண் சட்டத்தின் கண்ணில் உரிமையற்றவள் என்ற விதி 1938இல் பெருமளவு நீங்கியது. வாக்குரிமையை 1944 ஏப்ரல் 21 அன்று அல்ஜியர்ஸ் நகரிலிருந்து தெ கோல் தலைமையிலான பிரெஞ்சு தேசிய விடுதலைக் குழு வழங்கியது. 1945 ஏப்ரல் 29 அன்று நடந்த நகராட்சித் தேர்தலில் பிரெஞ்சுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். நீதித்துறைப் பதவிகள் 1946இல் திறந்தன. கணவனின் அனுமதி இல்லாமல் வேலைக்குச் செல்லவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் மனைவி 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனித உரிமைப் பிரகடனத்தை உலகுக்குத் தந்த நாட்டில் இதுதான் பெண்களின் நிலை. நம் ஆறு சிமோன்களும் பிறந்து வளர்ந்தது இந்த ஆண்டுகளுக்குள்தான். அவர்கள் வளர வளரக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. சில கதவுகளைத் திறந்தவர்களே அவர்கள்தான்.

பொவ்வாரின் வாழ்க்கையில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. பாரிசில் 1908இல் பிறந்த அவர், வசதியான குடும்பத்துப் பெண்ணாக நல்ல சீதனத்தோடு மணமாகிப் போக வேண்டியவர். முதல் உலகப் போருக்குப் பிறகு குடும்பச் சொத்து கரைந்துபோனது. சீதனம் கொடுக்க வழியில்லை, அதனால் மகள்கள் படித்து வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்று தந்தை சொல்லிவிட்டார். தந்தைக்கு அது அவமானம், மகளுக்கு அதுவே விடுதலை. 1925இல் பக்கலோரேயா தேர்ச்சி. 1929இல், இருபத்தொரு வயதில், தத்துவ ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் கடினமான அக்ரெகாசியோன் போட்டித் தேர்வில் இரண்டாம் இடம். முதலிடம் பெற்ற, பின்னாளில் தத்துவ அறிஞரான சார்த்ர் அதற்கு முந்தைய ஆண்டு அதே தேர்வில் தோற்றவர். 1949இல் வெளிவந்த இவருடைய ‘இரண்டாம் பால்’ நூல், பெண்ணின் தாழ்நிலை இயற்கை விதித்ததல்ல, சமூகம் வளர்த்தெடுத்தது என்று உயிரியல், வரலாறு, இலக்கியம், அன்றாட வாழ்க்கை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. வத்திக்கான் 1956இல் அந்த நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சீதனம் இருந்திருந்தால் இந்த நூல் எழுதப்பட்டிருக்குமா என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால், சீதனமும் இல்லாமல் தேர்வும் இல்லாமல் அவர் ஒரு மூலையில் முடங்கியிருப்பார் என்பது பெரும்பாலும் நிச்சயம்.

பொவ்வாருக்கு ஓராண்டு இளையவர் வெய்ல். இருவரும் சொர்போன் பல்கலைக்கழக முற்றத்தில் சந்தித்ததைப் பொவ்வார் தன்வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். சீனாவில் பஞ்சம், அந்தச் செய்தியைக் கேட்டு வெய்ல் அழுதார் என்று கேள்விப்பட்ட பொவ்வாருக்கு அவர்மீது மதிப்பு. பேச்சு தொடங்கியதும் வெய்ல், உலகில் எல்லோருக்கும் சோறு போடும் புரட்சி ஒன்றே முக்கியம் என்றார். மனிதர்களின் இருப்புக்கு அர்த்தம் தேடுவதல்லவா முக்கியம் என்று பொவ்வார் வாதிட்டார். வெய்ல் அவரை ஏற இறங்கப் பார்த்து, நீ ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை என்பது தெரிகிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். உறவு அதோடு நின்றது. வெய்ல் தன் வார்த்தைக்குத் தன் உடம்பையே ஈடு வைத்தவர். 1934 டிசம்பரில் ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பெடுத்து ஆல்ஸ்தோம் ஆலையில் சேர்ந்தார். பிறகு ரெனோ கார் ஆலையில் 1935 ஆகஸ்ட் வரை வேலை பார்த்தார். உலைமுன் நின்று கை சுட்டுக்கொண்டதையும், பீஸ் ரேட்டில் எத்தனை உருப்படி முடித்தால் எவ்வளவு கூலி என்ற கணக்கையும், கணக்கு எட்டாதபோது மேஸ்திரி முன் வாய்மூடி நின்றதையும் நாட்குறிப்பில் எழுதினார். உழைப்பின் களைப்பைவிட, சிந்திக்கும் சக்தியையே ஆலை பறித்துவிடுகிறது என்பதுதான் அவரை உலுக்கியது. பின்னாளில் சமஸ்கிருதம் கற்றுப் பகவத் கீதையை மூலத்தில் வாசித்தார். 1943 ஆகஸ்டில் இங்கிலாந்தில், காசநோயோடு, நாஜிகளின் பிடியில் இருந்த தன் நாட்டு மக்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு மேல் உண்ண மறுத்து, முப்பத்து நான்கு வயதில் இறந்தார்.

இதைப் பார்த்து இன்னொரு மறுப்பு வரலாம். முற்றத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்து நிற்க முடியாத இருவரை ஒரே பெயரின் கீழ் எப்படி வைப்பது? வெய்ல் பெண்விடுதலை பற்றித் தனியாக எழுதியவர் அல்லர். வேய் வலதுசாரி அரசில் அமைச்சராக இருந்தவர். பொவ்வார் அந்த அரசுகளையே எதிர்த்தவர். சிஞோரே இடதுசாரி மேடைகளில் நின்ற நடிகை. உண்மைதான், இவர்களை இணைக்கும் கொள்கை ஏதும் இல்லை. என் வாதத்துக்கு அது பாதகமும் இல்லை. கதவு திறந்தால் எல்லோரும் ஒரே அறைக்குள் போவார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு. ஆண்களுக்கு நூற்றாண்டுகளாக இருந்த உரிமை இதுதான்: ஒருவரோடு ஒருவர் முரண்படும் உரிமை, ஒருவர் பக்தராகவும் இன்னொருவர் நாத்திகராகவும் வாழும் உரிமை. பெண் என்றால் இப்படித்தான் சிந்திப்பாள் என்ற பொது அச்சை உடைத்ததில் இவர்களின் கருத்துகளுக்கு எவ்வளவு பங்கோ, இவர்களுக்கிடையே இருந்த வேற்றுமைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இவர்கள் எல்லாம் பாரிசின் படித்த வர்க்கத்தவர் என்று சொல்வோரும் உண்டு. அதற்குப் பதில் போர்க்காலத்தில் இருக்கிறது. சிமோன் மிஷேல்-லெவி ஜூரா பகுதியின் சிற்றூரில் பிறந்தவர், பி.டி.டி. எனப்பட்ட அஞ்சல் தந்தித் துறை ஊழியர். தபால் பைகள் நாடு முழுவதும் போய் வரும் வழிகளையே எதிர்ப்பியக்கத்தின் ரகசியத் தகவல் பாதையாக்கினார். பிடிபட்டு, முகாமுக்கு அனுப்பப்பட்ட பிறகும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பழுதாக்கினார் என்று 1945 ஏப்ரல் 13 அன்று ஃப்ளோசென்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். போர் முடியச் சில வாரங்களே இருந்தன. விடுதலைத் தோழர் என்ற உயரிய விருது பெற்ற 1,038 தனிநபர்களில் பெண்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர் இவர். சிமோன் செக்வேன் ஷார்த்ர் நகருக்கு அருகில் ஒரு விவசாயியின் மகள். ஜெர்மானியரின் சைக்கிளைத் திருடி, அதிலேயே செய்தி கொண்டுபோனார். 1944 ஆகஸ்டில் அரைக்கால்சட்டையும் கையில் இயந்திரத் துப்பாக்கியுமாக அவர் நின்ற படங்கள் உலகம் சுற்றின. மாறுபெயராக நிக்கோல் என்று வைத்துக்கொண்டிருந்தார். சிஞோரேயின் நிலை வேறு: தந்தைவழியில் வந்த கமின்கெர் என்ற குடும்பப் பெயர் ஆபத்தானது என்பதால், தாய்வழிப் பெயரான சிஞோரேயை எடுத்துக்கொண்டு திரைப்படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். சிமோனை மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இருக்கவில்லை. மதம் பார்க்காமல் எல்லா வீடுகளிலும் வைக்கப்பட்ட அந்தப் பெயர் எவரையும் காட்டிக்கொடுக்காது.

ஆனால் கதவைத் திறந்த அதே அரசு கதவை மூடவும் செய்யும் என்பதற்குச் சாட்சி சிமோன் வேய். நீஸ் நகரில் பிறந்தபோது அவர் சிமோன் ஜாக்கோப். 1940 அக்டோபரில், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு கொண்டுவந்த யூத எதிர்ச் சட்டங்களால் கட்டடக் கலைஞரான தந்தையின் தொழில் பறிபோனது. 1944 மார்ச் 29 அன்று பதினாறு வயது சிமோன் தன் உண்மைப் பெயரிலேயே பக்கலோரேயா தேர்வு எழுதினார். மறுநாள் தெருவில் பிடிபட்டார். ஆவுஷ்விட்ஸில் அவர் கையில் பச்சை குத்தப்பட்ட எண் 78651. தாய் பெர்கன்-பெல்சன் முகாமில் காய்ச்சலில் இறந்தார். தந்தையும் அண்ணனும் திரும்பவே இல்லை. முகாமில் இருந்து திரும்பியவர் சட்டம் படித்தார், 1956இல் நீதித்துறைத் தேர்வில் வென்றார், சிறைத்துறையில் கைதிகளின் நிலையை மேம்படுத்தப் போராடினார். 1974 நவம்பர் 26 அன்று சுகாதார அமைச்சராக, ஏறக்குறைய ஆண்களே நிறைந்திருந்த சட்டமன்றத்தில் கருக்கலைப்புச் சட்டத்தை முன்வைத்தார். விவாதத்தில் ஓர் உறுப்பினர் நாஜிகளின் தகன உலைகளை இழுத்துப் பேசினார். யாரிடம் அதைச் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லாத பேச்சு அது. சொந்த அணியிலேயே பலர் எதிர்க்க, இடதுசாரிகளின் ஆதரவோடு 284க்கு 189 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. 1979இல் நேரடித் தேர்தலில் அமைந்த முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரானார். பிரெஞ்சு அகாதெமியில் உறுப்பினரானபோது பெற்ற சம்பிரதாய வாளில் அந்த முகாம் எண்ணைப் பொறித்துக்கொண்டார். 2018 ஜூலை 1 அன்று, நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டார். அங்கே இடம்பெற்ற ஐந்தாவது பெண் அவர்.

கடைசி மறுப்புதான் மிக வலுவானது. லட்சக்கணக்கான சிமோன்கள் எங்கே? துணி தைத்தவர்கள், வயலில் உழைத்தவர்கள், கணவன் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர்கள், ரகசியக் கருக்கலைப்பில் உயிரை இழந்தவர்கள். ஆறு பேரின் புகழைப் பாடி அவர்களை மறந்துவிடுவது அநீதி. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். அதே சமயம், புகழ்பெற்றவர்கள் செய்த வேலை யாருக்காக என்பதையும் பார்க்க வேண்டும். 1971 ஏப்ரல் 5 அன்று 343 பெண்கள், தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டதாகப் பகிரங்கமாக அறிவித்து ஒரு வார இதழில் கையெழுத்திட்டார்கள். அப்போது அது தண்டனைக்குரிய குற்றம். அந்த அறிக்கையை எழுதியவர் பொவ்வார். பணமுள்ளவர்கள் வெளிநாட்டுக்குப் போய் வந்தார்கள். பணமில்லாதவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அறிக்கை விட்ட சிமோனும் சட்டம் கொண்டுவந்த சிமோனும் அரசியலில் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். இருவர் செயலின் பலனும் போய்ச் சேர்ந்தது பெயர் தெரியாத பெண்களுக்கு. வெய்லின் ஆலை நாட்குறிப்பிலும் பேசப்படுவது, பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்கள் பட்ட பாடு.

பெயர் கடலையும் தாண்டியது. 1954இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கச் சேர்ந்த யூனிஸ் வேமன் என்ற கறுப்பினப் பெண், பக்தியுள்ள தாய்க்குத் தெரியாமலிருக்க மேடைப்பெயர் தேடினார். சிமோன் சிஞோரேயின் பெயரிலிருந்து பாதியை எடுத்து நீனா சிமோன் ஆனார். பிறகு அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டத்தின் குரல்களில் ஒன்றாக அந்தப் பெயர் ஒலித்தது. குவாதலூப் தீவின் பெண்களைப் பிரெஞ்சு இலக்கியத்தின் நடுவில் நிறுத்திய நாவலாசிரியர் சிமோன் ஷ்வார்ஸ்-பார்ட். இன்றைய தலைமுறைக்கு இந்தப் பெயரைச் சொன்னால், பதினொரு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ்தான் முதலில் நினைவுக்கு வருவார். பிரான்சிலோ 1940களுக்குப் பின் சரிந்து, பாட்டிகளின் பெயராகி, ஏறக்குறைய மறைந்திருந்த சிமோன் அண்மை ஆண்டுகளில் மீண்டும் குழந்தைகளுக்கு வைக்கப்படுகிறது. நூறாண்டுக்கு முன் நாள்காட்டியைப் பார்த்து வைத்த பெயரை, இன்றைய பெற்றோர் வரலாற்றைப் பார்த்து வைக்கிறார்கள்.

ஒரு பெயர் தன்னால் எதையும் தருவதில்லை. ஒரே பெயருள்ள இரு சிறுமிகளில் ஒருத்தி தேர்வு மண்டபத்துக்கும் இன்னொருத்தி அடுப்படிக்கும் போவதைத் தீர்மானிப்பது பள்ளியும் சட்டமும் வீட்டுப் பணமும். சிமோன்களின் வரலாறு சொல்லும் முதல் செய்தி, கதவு திறந்த இருபது முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு சமூகம் தன்னிடம் இவ்வளவு ஆற்றல் இருந்ததைக் கண்டுகொள்கிறது என்பது. அதற்கு முன் வாழ்ந்த தலைமுறைகளில் எவ்வளவு வீணாயிற்று என்ற கணக்கையும் அதுவே சொல்லிவிடுகிறது. இரண்டாவது செய்தி, திறந்த கதவு தானாகத் திறந்தே இருக்காது என்பது. 1940இல் ஓர் ஆணையால் அது மூடப்பட்டதை வேயின் வீடு கண்டது. 2024 மார்ச்சில் பிரான்ஸ் கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தது இந்த அச்சத்தினால்தான். சட்டத்தை அடுத்த அரசு மாற்றிவிடலாம், சாசனத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. மகளுக்கு ஒரு பெரிய பெண்ணின் பெயரை வைப்பது எந்த நாட்டிலும் நல்ல வழக்கம். அந்தப் பெரிய பெண்ணுக்குக் கிடைத்த பள்ளியும் தேர்வும் வாக்கும் தன் உடம்பின் மீதான உரிமையும் மகளுக்கும் உண்டா என்று கேட்டு, இல்லாத இடத்தில் அதற்காகப் போராடுவதுதான் அந்தப் பெயருக்குச் செய்யும் முழு மரியாதை.